சபையாகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்வது: முதல் கூட்டத்திலிருந்து பதின்மூன்றாம் மாதம் வரை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் சிறிய தமிழ்ச் சபை, லெபனானில் அகதிகளாக இருந்த ஒரு சிரியக் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்தது, அதாவது முதல் ஒரு வருடச் செலவையும் பொறுப்பையும் ஏற்று இங்கே அழைத்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். தொடங்கியபோது எங்களில் ஒருவருக்கும் வழி தெரியாது. ஜெபம் இருந்தது, மனம் இருந்தது, காசும் ஓரளவு சேர்ந்தது. படிவமும் வாடகையும் காத்திருப்பும்தான் எங்களை வாட்டி எடுத்தன. முதல் கூட்டம் வைத்த நாளிலிருந்து அவர்கள் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அதில் சில மாதங்கள் முழுக்க எங்கள் அறியாமையால் வீணானவை. அந்த மாதங்கள் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் பாதிப்பேர் 80களிலும் 90களிலும் இலங்கைப் போரிலிருந்து ஓடி வந்தவர்கள். 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்று இயேசு சொல்லும் மத்தேயு 25-ஐ வாசிக்கும்போது அந்த அந்நியன் யார் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்நியனைச் சேர்த்துக்கொள்வதற்கு இந்த நாட்டில் ஒரு நடைமுறை இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்வதும் ஊழியம்தான் என்று இப்போது நம்புகிறேன்.

1. குடும்பத்தைத் தேடுமுன் குழுவைச் சேருங்கள்

ஞாயிறு ஆராதனையில் அறிவித்தால் முப்பது பேர் கை உயர்த்துவார்கள். ஆறு மாதம் கழித்து ஏழு பேர் இருப்பார்கள். அந்த ஏழு பேரைத்தான் நீங்கள் முதலிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுக்கு உதவியது வேலையைப் பிரித்து, ஆளுக்கொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்கியது. படிவத்துக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், வீட்டுக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கும் ஆங்கில வகுப்புக்கும் ஒருவர். போதகர் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் குழு பாதியில் படுத்துவிடும், ஏனென்றால் போதகர்கள் இடம் மாறுவார்கள். இது குறைந்தது நான்கு வருட வேலை. அதற்குள் யாருக்காவது சுகவீனம் வரும், யாருக்காவது வேலை போகும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும்.

குடும்பத்தோடு நேரடியாகப் பழகப் போகிற எல்லோரும் பொலிஸ் சான்று எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளும் பலவீனமான நிலையில் உள்ளவர்களும் இருப்பதால் பெரும்பாலான அமைப்புகள் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. "நான் முப்பது வருடமாகச் சபையில் இருக்கிறேன், என்னிடமா கேட்கிறீர்கள்" என்று ஒரு மூத்தவர் மனம் நொந்தார். எல்லோரிடமும் கேட்கிறோம், போதகரிடமும் கேட்டோம் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

2. எந்த வழியில் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தனியார் ஸ்பொன்சர் திட்டத்தில் மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, எஸ்ஏஎச் என்று எல்லோரும் சொல்கிற ஸ்பொன்சர் உடன்படிக்கை அமைப்புகள். அரசோடு நிரந்தர உடன்படிக்கை செய்துகொண்ட அமைப்புகள் இவை. இவற்றில் பெரும்பங்கு தேவாலயங்களுடையவை: ரொறன்ரோ கத்தோலிக்க உயர்மறைமாவட்டம், அங்கிலிக்கன் மறைமாவட்டங்கள், பிரெஸ்பிற்றேரியன் சபை, ஐக்கிய சபை. 1979-இல் முதன்முதல் கையெழுத்திட்டது மென்னோனைற் மத்தியக் குழு. உங்கள் சபை இத்தகைய ஒரு அமைப்பின் கீழ் 'அங்கக் குழு'வாக விண்ணப்பிக்கலாம். சட்டப்படி முழுப் பொறுப்பு மேலமைப்புக்கும் உண்டு. ஆகவே அவர்கள் உங்களைத் துருவித் துருவிக் கேட்பார்கள். அது நல்லதுதான்.

இரண்டாவது, ஐவர் குழு. 18 வயதுக்கு மேற்பட்ட, கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஐந்து பேர் சேர்வது. மூன்றாவது, சமூக ஆதரவாளர், அதாவது ஒரு நிறுவனமோ சங்கமோ தன் பெயரில் எடுப்பது.

இங்கே பெரிய எச்சரிக்கை. 2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களிடமிருந்தும் சமூக ஆதரவாளர்களிடமிருந்தும் புதிய விண்ணப்பங்கள் ஏற்பதை அரசு நிறுத்தியது. அந்தத் தடை பிறகு நீட்டிக்கவும் பட்டது. ஆகவே காசு சேர்க்கத் தொடங்குமுன் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இந்த வாசல்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்திருந்தாலும் இன்னொரு நிபந்தனை உண்டு: இந்த இரண்டு வழியிலும், வரப்போகிறவரை ஐ.நா. அகதிகள் ஆணையமோ அவர் தங்கியிருக்கும் நாடோ அகதி என்று அங்கீகரித்த பத்திரம் வேண்டும். லெபனானில் அரசு கேட்டுக்கொண்டதால் 2015 மே மாதத்தோடு ஆணையம் சிரியர்களின் புதிய பதிவுகளை நிறுத்தியது. அதற்குப் பின் எல்லை கடந்தவர்களுக்கு அந்தப் பத்திரம் எடுப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். உடன்படிக்கை அமைப்பின் வழியில் இந்தப் பத்திரம் கட்டாயமில்லை. நாங்கள் அந்த வழியில் போனதற்கு இதுவே காரணம்.

ஆனால் அங்கேயும் ஒரு நெருக்கடி. ஒவ்வொரு அமைப்புக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அரசு ஒதுக்கீடு கொடுக்கிறது. அது தீர்ந்தால் அடுத்த ஆண்டுதான். நாங்கள் முதலில் கேட்ட அமைப்பில் இடமே இல்லை. இரண்டாவது அமைப்பு எங்களைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டது. ஆண்டு தொடங்குமுன்பே கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அமைப்புகளிடம் விசாரிப்பதில் பிழை இல்லை. அகதி ஸ்பொன்சர் பயிற்சித் திட்டம் என்று அரசு நிதியில் நடக்கும் ஒன்று உண்டு. வகுப்புகள் இலவசம். குழுவில் இரண்டு பேராவது அதில் இருந்து வர வேண்டும்.

3. யாரை அழைக்கலாம், யாரை முடியாது

வரப்போகிறவர் தன் சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இது தமிழர்களுக்கு அடிக்கடி விளங்காத இடம். "ஊரில் என் தங்கை குடும்பம் கஷ்டப்படுகிறது, சபை எடுக்குமா" என்று எங்களிடம் கேட்டவர்கள் பலர். இலங்கைக்குள் இருக்கும் இலங்கையரை இந்தத் திட்டத்தில் எடுக்க முடியாது. வேறு நாட்டுக்குத் தப்பிப் போயிருக்க வேண்டும், அங்கே நிரந்தரமாக வாழவும் வழி இருக்கக் கூடாது, ஊருக்குத் திரும்பவும் முடியாத நிலை இருக்க வேண்டும். தங்கியிருக்கும் நாடு வெளியேறும் அனுமதி கேட்டால் அதற்கும் தனியாக மாதங்கள் போகும்.

பெயர் குறித்து ஒரு குடும்பத்தை நீங்களே கேட்கலாம். எங்களுக்கு இந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்தியவர், இங்கே வேறொரு சபையில் இருந்த அவர்களுடைய உறவினரின் நண்பர்.

அவர்கள் முஸ்லிம்கள். எங்கள் குழுவில் ஒருவர் "நம் விசுவாசத்தார் எத்தனையோ பேர் முகாமில் இருக்கிறார்களே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் ஒருவரை எடுக்கும்போது இன்னொருவரை விடுகிறோம். இரண்டு கிழமை கதைத்தோம். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் நான்கு வருடம் இருந்த ஒரு அக்கா கடைசியில் சொன்னார்: "எனக்கு முதல் போர்வை தந்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று நான் கேட்கவும் இல்லை." அதோடு முடிவாயிற்று. உங்கள் சபை வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் யாரை எடுத்தாலும், சபைக்கு வருவதை உதவிக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது. மனதுக்குள் எதிர்பார்ப்பாகக்கூட வைக்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

4. பணம்: எவ்வளவு, யாருடையது, எங்கே இருக்க வேண்டும்

வந்த நாளிலிருந்து 12 மாதம், அல்லது அவர்கள் சொந்தக் காலில் நிற்கும் வரை, இதில் எது முந்தியோ அதுவரை, வாடகை, சாப்பாடு, உடுப்பு, போக்குவரத்து எல்லாம் உங்கள் பொறுப்பு. அரசு ஒரு குறைந்தபட்ச அட்டவணை வைத்திருக்கிறது. பல காலமாக நாங்கள் கேட்டுவந்த தொகை ஒருவருக்கு 16,500 டொலர், நால்வர் குடும்பத்துக்கு 28,700 டொலர். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரொறன்ரோவில் அந்தத் தொகையை நம்பி இறங்காதீர்கள். மாத வாடகை 2,400 டொலர் என்றாலே வருடத்துக்கு 28,800. வாடகை மட்டுமே அட்டவணையைத் தின்றுவிடும். நாங்கள் அட்டவணைத் தொகைக்கு மேல் பாதி சேர்த்து வைத்தோம். கடைசியில் அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது. சபையில் யாராவது கீழ்த்தளத்தை ஒரு வருடம் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் அது பத்து நன்கொடைக்குச் சமம்.

இந்த மூன்றும் எங்கள் பொருளாளர் கற்றுக்கொண்டவை:

வரப்போகிற குடும்பத்திடமிருந்து ஒரு சதமும் வாங்கக் கூடாது. "நாங்களே காசு தருகிறோம், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கேட்பவர்கள் வருவார்கள். அது விதிமீறல். கண்ணீரோடு கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

படிவம் நிரப்பித் தரக் காசு கேட்கும் இடைத்தரகர்களை விட்டு விலகுங்கள். குடிவரவு ஆலோசனைக்குக் காசு வாங்க வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்றவர்களுக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. அகதி விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணமே கிடையாது.

சபையின் பொதுக் கணக்கில் இந்தப் பணத்தைக் கலக்காதீர்கள். தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. நன்கொடைக்கான வரிச்சீட்டு பற்றிக் கணக்காளரிடம் முதலே கேளுங்கள். ஒருவர் தன் சொந்த உறவினருக்காகத் தரும் பணத்துக்குச் சபை வரிச்சீட்டு எழுதிக் கொடுத்தால் பின்னால் பிரச்சினை வரும்.

5. படிவங்கள்: அவசரப்படாதீர்கள், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம்

இரண்டு பொதி. ஒன்று உங்களுடையது: பொறுப்பேற்கும் உறுதிமொழியும், வந்த பிறகு என்னென்ன செய்வீர்கள் என்ற குடியமர்வுத் திட்டமும். இன்னொன்று அவர்களுடையது: ஐஎம்எம் 0008 பொது விண்ணப்பம், ஏன் ஓடினார்கள் என்று கேட்கும் அதன் இரண்டாம் இணைப்புப் படிவம், ஐஎம்எம் 5669 என்ற பின்னணிப் படிவம், உங்களைப் பிரதிநிதியாக நியமிக்கும் ஐஎம்எம் 5476, படங்கள், அடையாளப் பத்திர நகல்கள். இரண்டு பொதியும் ஒன்றாகப் போக வேண்டும். ஒட்டாவாவில் உள்ள மீள்குடியேற்ற மையம் முதலில் பார்ப்பது முழுமையாக இருக்கிறதா என்பதைத்தான். ஒரு கையெழுத்து இல்லையென்றால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே திரும்பி வரும்.

எங்களுடையது அப்படித் திரும்பி வந்தது. தாயின் 5669-இல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. பெய்ரூத்திலிருந்து வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பிய நாற்பது பக்கத்தில் ஒன்று விடுபட்டிருந்தது. நாங்களும் கவனிக்கவில்லை.

அதில் என்ன பயம் தெரியுமா? கூட வரும் பிள்ளை 22 வயதுக்குக் கீழே, திருமணமாகாதவராக இருக்க வேண்டும். அந்த வயது கணக்கிடப்படுவது முழுமையான விண்ணப்பம் மையத்தின் கைக்குப் போன நாளில். திரும்பி வந்த விண்ணப்பம் கணக்கில் இல்லை. மூத்த மகனுக்கு 22 நிறைய ஐந்து கிழமைதான் இருந்தது. அடுத்த பத்து நாளும் படிவத்துக்குப் பொறுப்பான தம்பி இரவு வேலை முடிந்து வந்து விடியும்வரை பெய்ரூத்தோடு தொலைபேசியில் இருந்தார். பக்கம் பக்கமாக உரக்க வாசித்து, ஒவ்வொரு கையெழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். கோப்பு மறுபடி போய்ச் சேர்ந்த நாளில் பையனுக்கு 21 வயதும் பதினொரு மாதமும். முதலில் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த நடுக்கமே தேவையில்லை. ஆகவே வீட்டில் 20, 21 வயதுப் பிள்ளை இருந்தால் பிறந்த திகதியைக் கோப்பின் அட்டையில் சிவப்பில் எழுதி வையுங்கள்.

மற்றப் பொறிகள்:

எல்லாப் பிள்ளைகளையும், துணையையும் எழுதுங்கள். கூட வராவிட்டாலும், காணாமல் போயிருந்தாலும், வேறு நாட்டில் இருந்தாலும், முந்திய திருமணத்துப் பிள்ளையாக இருந்தாலும். இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். இப்போது எழுதாமல் விட்ட குடும்பத்தவரைப் பிறகு குடும்ப ஸ்பொன்சரில் அழைக்கச் சட்டம் தடுக்கிறது. வெட்கத்தாலோ பயத்தாலோ மறைப்பார்கள். மெதுவாக, தனியாக, இரண்டு முறை கேளுங்கள்.

பத்து ஆண்டு வரலாற்றில் இடைவெளி விடக் கூடாது. வேலை இல்லாத மாதம் என்றால் 'வேலை இல்லை, இந்த இடத்தில் இருந்தேன்' என்று எழுத வேண்டும். போரில் ஓடியவர்களுக்கு மாதம் வருடம் நினைவில் இராது. நாங்கள் பிள்ளைகள் பிறந்த நாள், நோன்பு, ஒலிவ் அறுவடை என்று கேட்டுக் கேட்டு மாதத்தைக் கண்டுபிடித்தோம். கட்டாய இராணுவ சேவையை மறைக்க விடாதீர்கள்.

பெயர் எழுத்து எல்லாப் படிவத்திலும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் எப்படியோ அப்படி. பொருந்தாத கேள்விக்கு வெறுமையாக விடாமல் 'பொருந்தாது' என்று எழுதுங்கள்.

கதையை நீங்கள் அழகுபடுத்த வேண்டாம். ஏன் ஓடினார்கள் என்ற பகுதியை அவர்கள் சொன்னபடியே மொழிபெயர்த்து எழுதுங்கள். மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். வருடங்கள் கழித்து நேர்காணலில் அதிகாரி இதே கதையைத்தான் கேட்பார். உங்கள் வார்த்தையில் எழுதிய கதையை அவர்களால் நினைவிலிருந்து சொல்ல முடியாது.

6. காத்திருக்கும் வருடங்கள்

கோப்பு ஏற்றுக்கொண்டதும் ஒரு இலக்கம் வரும். பிறகு ஸ்பொன்சர் அனுமதி, அந்நாட்டுக்குரிய கனடியத் தூதரகத்துக்கு மாற்றம், நேர்காணல், கைரேகை, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பரிசோதனை, விசா, விமானம். இரண்டு வருடம், மூன்று வருடம், சில நாடுகளில் இன்னும் கூட. யாராலும் திகதி சொல்ல முடியாது, நீங்களும் சொல்லாதீர்கள். "அடுத்த கோடைக்குள் வந்துவிடுவீர்கள்" என்று எங்களில் ஒருவர் அன்பில் சொன்ன வார்த்தையை நம்பி அந்தத் தகப்பன் தையல் மெஷினை விற்றார். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த மெஷின்தான். அடுத்த கோடையும் போனது, அதற்கடுத்ததும் போனது. வாடகை ஒப்பந்தத்தை முறிக்க வேண்டாம், வேலையை விட வேண்டாம், ஒன்றையும் விற்க வேண்டாம் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்.

இடையில் பிள்ளை பிறந்தாலோ, யாராவது திருமணம் செய்தாலோ, இறந்தாலோ, முகவரி மாறினாலோ உடனே எழுத்தில் அறிவியுங்கள். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும். பாதுகாப்புப் பரிசோதனை இழுத்தால் மறுபடி செய்ய வேண்டி வரும். அதற்கான செலவை அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது, ஆகவே யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொல்லி வையுங்கள். மறுத்தால் மேன்முறையீடு கிடையாது. சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்க மட்டும் முடியும், அதற்கும் 60 நாள்தான்.

மாதம் ஒருமுறை வீடியோவில் கதையுங்கள். செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும். எங்கள் சபைப் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். சங்கீதம் பாடிய அதே கூடத்தில் 'ஏ ஃபோர் ஆப்பிள்' கேட்டது.

7. வீடு

பயண அறிவிப்பு வந்தால் உங்கள் கையில் இரண்டு மூன்று கிழமை இருக்கும், சில சமயம் அதுவும் இராது. அதற்குள் ரொறன்ரோவில் வீடு எடுக்க வேண்டும். விசா கிடைத்துவிட்டது என்று தெரிந்ததுமே தேடத் தொடங்குங்கள்.

கனடாவில் வாடகை வரலாறும் சம்பளச் சீட்டும் இல்லாத குடும்பத்துக்கு வீட்டுக்காரர் தயங்குவார். சபையோ குழுவில் இருவரோ உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒன்ராறியோ சட்டப்படி கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம். ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டு என்று வற்புறுத்த முடியாது. எங்களிடம் கேட்டார்கள், நாங்கள் வேறு வீடு பார்த்தோம். பேருந்து நிறுத்தம், பலசரக்குக் கடை, ஆங்கில வகுப்பு மூன்றும் நடக்கும் தூரத்தில் இருப்பது பெரிய குசினியைவிட முக்கியம்.

கட்டில், மெத்தை புதிதாக வாங்குங்கள், மற்றது பழையதாக இருக்கலாம். மூட்டைப்பூச்சி வந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உறங்க முடியாது. சபையார் கொண்டுவரும் எல்லாவற்றையும் ஏற்காதீர்கள். பட்டியல் போட்டு, இன்ன சாமான் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். எங்களுக்கு பதினொரு தேநீர்க் கோப்பைப் பெட்டி வந்தது, ஒரு பனிச்சப்பாத்துகூட வரவில்லை.

8. வரும் நாள்

இரண்டு வாகனம், ஒரு மொழிபெயர்ப்பாளர், நான்கு பேர். அவ்வளவு போதும். நாங்கள் இருபத்தாறு பேர் பதாகையோடும் பூவோடும் போனோம். நீண்ட பயணம் முடித்து, குடிவரவு மேசையில் இரண்டு மணி நேரம் நின்று, கழுத்தில் பயணத்தை ஒழுங்குசெய்த சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நீலவெள்ளைப் பையைத் தொங்கவிட்டபடி வெளியே வந்த அந்தத் தாய், எங்கள் கூட்டத்தைக் கண்டதும் ஓர் அடி பின்னுக்கு வைத்தார். சின்ன மகளின் முகத்தைத் தன் உடுப்புக்குள் இழுத்து மறைத்தார். மண்டபத்து அக்காதான் எங்கள் எல்லோரையும் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

வீட்டில் சூடான சாப்பாடு வைத்து, வெந்நீர்க் குழாயையும் அடுப்பையும் கதவுப் பூட்டையும் அவசர உதவிக்கான 911-ஐயும் காட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அரை மணியில் வெளியேறுங்கள். சாவி முழுவதும் அவர்களிடம் இருக்கட்டும். ஜெபிக்க வேண்டுமானால் வாகனத்துக்குள் வந்து ஜெபியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அவர்கள் இறங்கும்போதே நிரந்தர வதிவாளர்கள். கையில் உள்ள வதிவிட உறுதிப் பத்திரம்தான் இனி எல்லாவற்றுக்கும் திறவுகோல். அன்றிரவே படம் எடுத்து நகல் வையுங்கள்.

9. முதல் இரண்டு கிழமை

முதல் இரண்டு நாள் ஒன்றும் வைக்காதீர்கள், உறங்கட்டும். பிறகு இந்த வரிசை எங்களுக்கு நன்றாக வேலை செய்தது.

வேலைக்கும் வரிக்கும் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம்: சேவை கனடா அலுவலகம், இலவசம், பொதுவாக அன்றைக்கே கிடைக்கும். அதோடு வங்கிக் கணக்கு. பிறகு ஒன்ராறியோ சுகாதார அட்டை. வதிவிடப் பத்திரமும் முகவரிச் சான்றும் கொண்டு போங்கள். பல், கண், மருந்து ஆகியவற்றுக்கு இடைக்காலச் சுகாதாரத் திட்டப் பத்திரம் தனி. அதை ஏற்கும் பல் வைத்தியரை முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பிள்ளைகள் உதவித்தொகை விண்ணப்பம்: ஆர்சி66 படிவமும் அதன் இணைப்பும். முதல் கிழமையிலேயே அனுப்புங்கள், பணம் வர மாதங்கள் ஆகலாம். அந்தப் பணம் வரத் தொடங்கியதும் "இனி நாம் குறைத்துக் கொடுக்கலாமே" என்று குழுவில் ஒருவர் சொல்வார். குறைக்காதீர்கள், அது பிள்ளைகளுக்குரியது.

நிரந்தர வதிவிட அட்டை தபாலில் வரும். இறங்கும்போது முகவரி கொடுக்காவிட்டால் 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிப் பதிவுக்குத் தடுப்பூசிப் பதிவு கேட்பார்கள். ஆங்கில மட்டம் கணித்து, புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் என்ற ஆங்கில வகுப்பில் சேருங்கள், அதுவும் இலவசம். தாய்மாருக்குப் பிள்ளை பராமரிப்பு உள்ள வகுப்பாகப் பாருங்கள். இல்லாவிட்டால் தகப்பன் மட்டும் ஆங்கிலம் படித்து, தாய் வீட்டோடு நின்றுவிடுவார்.

10. மிச்சப் பதினொரு மாதம்

மாதாந்தப் பணத்தை அவர்கள் கணக்குக்கு அனுப்புங்கள், மாத முதல் நாள், கேட்கவைக்காமல். கையில் உறையாகக் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்தில் அவர்களை நிறுத்துகிறீர்கள். எதற்குச் செலவழித்தார்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் பெரிய தொலைக்காட்சி வாங்கியபோது எங்கள் குழுவுக்குள் முணுமுணுப்பு வந்தது. தாய் ஆங்கிலம் கற்றது பெரும்பாலும் அதில்தான்.

விமானச் செலவு அவர்கள் பெயரில் கடன். 2018-இலிருந்து வட்டி இல்லை, வந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். பலருக்கு இது கடன் என்றே தெரியாது. கடிதம் வரும்போது அதிர்ந்து போவார்கள். முதல் மாதமே மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்லுங்கள். சபை அந்தக் கடனைக் கட்ட விரும்பினால் நல்லது.

வருமானம் இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் வரிக்கணக்குப் போட வேண்டும். போடாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும்.

குடும்பத்தில் ஒருவர் பின்தங்கியிருந்தால், விண்ணப்பத்தில் எழுதப்பட்டவராக இருந்தால், வந்து இறங்கிய ஒரு வருடத்துக்குள் அவரை அழைக்க விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு வருட வாய்ப்பைத் தவறவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஏழாம் மாதத்திலேயே கோப்பைத் தயார் செய்யுங்கள்.

குடியுரிமை எடுக்கும்வரை சொந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவோ அந்த நாட்டுக்குப் போய்வரவோ வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2012-இல் வந்த சட்ட மாற்றத்தின்படி, அதைக் காரணமாக வைத்து அகதி நிலையையும் நிரந்தர வதிவிடத்தையும் சேர்த்தே இழக்க நேரிடலாம். தாயின் சாவீட்டுக்குப் போய்வந்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். அவசரம் என்றால் முதலில் குடிவரவு வழக்கறிஞர், பிறகுதான் பயணச்சீட்டு. வெளிநாடு போக அகதிப் பயணப் பத்திரம் எடுக்கலாம்.

நான்காம், ஐந்தாம் மாதத்தில் ஒரு சோர்வு வரும். வந்த புதுமை தீர்ந்து, வேலை கிடைக்காமல், பனியும் இருட்டுமாக இருக்கும்போது. அந்தக் குடும்பத்துத் தகப்பன் மூன்று கிழமை தொலைபேசி எடுக்கவில்லை. நாம் என்ன பிழை விட்டோம் என்று நாங்கள் பதறினோம். பிழை ஒன்றும் இல்லை. பத்து வருடம் தாங்கிப் பிடித்ததெல்லாம் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகுதான் இறங்குகிறது. குடும்ப வைத்தியரிடம் சொல்லி மனநல ஆலோசனைக்கு ஒழுங்கு செய்தோம். அரபு தெரிந்த ஆலோசகருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆகவே இதையும் தேவை வருமுன் பதிந்து வையுங்கள்.

பத்தாம் மாதத்தில் உட்கார்ந்து பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றிக் கதையுங்கள். வாடகையை யார் கட்டுவார், சம்பளம் எவ்வளவு, குறைந்தால் ஒன்ராறியோ சமூக உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது. உதவிக்கு விண்ணப்பிப்பது உங்கள் சபையின் தோல்வி என்று அவர்கள் நினைக்கும்படி நடந்துகொள்ளாதீர்கள்.

கடைசியாக, கோப்பு. விண்ணப்பத்தின் முழு நகல், வதிவிடப் பத்திரம், வரி அறிவிப்புகள், வாடகை ஒப்பந்தம், தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அப்போது அவர்கள் உங்களிடம் வந்து கேட்டு நிற்கத் தேவை இருக்காது.